தண்மையிற் பிணையும் அணுக்கள்

சுட்ட சுண்ணாம்புக் கல்லின்மேல் நீர் வார்த்தால் அது பொங்கிக் கொதிக்கும். இலுப்பூர்ப் பக்கத்தில் பழைய சுண்ணாம்புச் சுவர்களைப் பழுதுபார்ப்போர் இதனை நன்கறிவர். பொருள்கள் இரசாயன முறையிற் கூடும்போது பெரும்பாலும் வெப்பம் பிறக்கும். இவ்வியல்பே, மிகக் குளிர்ந்த வாயுக்களில் மூலக்கூறுகளை ஆக்க முயன்ற விஞ்ஞானிகளுக்குப் பெருந்தடையாய் நின்றது.

தண்மையின் எல்லை சூனியத்துக்குக் கீழ் 273.15 டிகிரி சென்டிகிரேடு ஆகும். அவ்வெல்லையை மிக நெருங்கிய வாயுவில் அணுக்கள் அலைகளைப் போல ஒழுகும். 1924-ஆம் ஆண்டில் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையே இத்துறைக்கு வித்தாயிற்று. அதனினின்று விளைந்த கொள்கைப்படி, அணுக்கள் பல ஒரே நிலையில் ஒடுங்குதலை 1995-ல் அமெரிக்காவிலுள்ள போல்டர் நகரில் கண்டனர்.

இத்தகைய வாயுவில் பொட்டாசிய அணுவையும் ருபீடிய அணுவையும் பிணைப்பது எங்ஙனம்? அவை கூடி மிகத் தாழ்ந்த நிலையை எய்துங்கால் வெளிப்படும் சக்தி, வெப்ப அளவிற் கூறின் ஏறக்குறைய 6,000 டிகிரிக்கு ஒப்பாகும். சூரியனது மேற்பரப்பின் வெம்மையும் ஏறத்தாழ அவ்வளவே. அச்சக்தி வாயுவினுள்ளே தங்குமாயின் தண்மை முழுதும் அழியுமன்றோ?

2008-ல் அதே போல்டர் நகரில் டெபோரா ஜின், ஜுன் யீ என்னும் இருவர்தம் குழுவினர் இத்தடையை இரண்டு படிகளாற் கடந்தனர். முதலில், வாயுவைச் சூழ்ந்த காந்தப் புலத்தை மெல்ல மாற்றினர். குறித்ததோர் அளவில், தனித்து உலவும் இரண்டு அணுக்களின் சக்தியும், தளர்வாய்ப் பிணைந்த மூலக்கூற்றின் சக்தியும் சமமாகும். அவ்விடத்தைக் கடக்கையில் அணுக்கள் வெப்பமின்றியே தளர்ந்த பிணைப்பில் அமைந்தன.

பின்னர் இரண்டு லேசர்க் கதிர்களைச் செலுத்தினர். மூலக்கூறு, கண்ணுக்குப் புலனாகாத குறைந்த சக்தியுடைய கதிரை ஏற்று, மிகுந்த சக்தியுடைய செந்நிறக் கதிரைத் திருப்பித் தந்தது. பிணைப்பிற் பிறந்த சக்தி வெப்பமாகாமல், ஒளியாகவே வெளியேறியது. மூலக்கூறுகள் மிகத் தாழ்ந்த நிலையை எய்தின. வாயுவின் உஷ்ணமோ ஒரு டிகிரியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினுங் குறைவாகவே இருந்தது.

ஒளி மூலக்கூற்றோடு சக்தியைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறி வெளிவரும் என்பதனை 1928-ல் கல்கத்தாவிற் கண்டறிந்தவர், இலுப்பூருக்கு அண்மையிலுள்ள திருச்சிராப்பள்ளியில் 1888-ல் பிறந்த சர் சி. வி. இராமன். இவ்விரட்டைக் கதிர் முறையும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. தாமே நிகழ அவர் கண்டதனைப் பின்வந்தோர் தாம் வேண்டியவாறு நிகழ்வித்தனர். அதனால், கூடுதலின் வெம்மை தணிந்த மூலக்கூறுகள் மனிதர் கைக்கு எட்டின.