சிப்பி திறக்கும் நிதானம்

தூத்துக்குடியில் இரும்புக்கு ஆயுள் குறைவு. கிழக்கே மன்னார் வளைகுடாவும், ஊரின் ஓரங்களில் வெண்மையாய் விரிந்து கிடக்கும் உப்பளங்களும், அவ்விரண்டின் மேலும் தவழ்ந்து வீட்டுக்குள் புகும் காற்றும் சேர்ந்து, ஜன்னல் கம்பியையும் சைக்கிள் சங்கிலியையும் பூட்டின் நாக்கையும் வருஷந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்பது இவ்வூரில் குடியிருக்கும் எவரும் அறிந்த சங்கதி. அதே உப்புக் காற்று, கப்பல் ஏஜெண்டுகளின் காரியாலயங்களிலும் மருந்துக் கடைகளிலும் நம் வீட்டு மேஜைகளிலும் இந்நாளில் இடம் பிடித்திருக்கும் சின்னஞ்சிறு கம்ப்யூட்டர்களுக்குள்ளும் புகுந்து தன் வேலையைச் செய்கிறது என்பதை, என்னுடைய பெட்டி ஒரு நாள் காலையில் கண் திறக்க மறுத்தபோதுதான் நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

முன்னாளில் கம்ப்யூட்டர் என்றால், மேஜைக்கடியில் காலை இடிக்கும் ஒரு தகரப் பெட்டி. பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு கை தாராளமாக நுழைந்து உலாவ இடமிருக்கும். இக்காலத்துச் சிறு பெட்டியோ, ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் சதுரமும் 3.5 சென்டிமீட்டர் கனமுமாக, சுமார் ஒரு லிட்டர் கொள்ளளவில் அடங்கி, திரையின் முதுகிலேயே திருகி மாட்டிவிடக் கூடியதாக இருக்கிறது. ஆயினும் பெரிய பெட்டியில் உண்டான அவயவங்கள் எல்லாம் இதிலும் உண்டு: மதர்போர்டு என்னும் ஆதாரப் பலகை, கணக்கிடும் பிராசஸர், வேலை நடக்கையில் மட்டும் விஷயங்களைத் தாங்கி நிற்கும் ராம், நிரந்தரமாகச் சேமித்து வைக்கும் டிஸ்க், வெப்பத்தை வெளியே தள்ளும் விசிறி. இவை பெரிய பெட்டியில் பக்கம் பக்கமாக வாழ்ந்தன. சிறிய பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே அடியில் இருப்பதைத் தொட வேண்டுமானால், மேலே இருப்பதை முறைப்படி இறக்கியாக வேண்டும்.

டபிள்யூ.ஜி.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இவ்வகைப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் என் பெட்டியைக் கொண்டுபோனேன். அவர் உடனே திருப்புளியைக் கையில் எடுக்கவில்லை. மின்கம்பியை உருவிவிட்டு, பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, உள்ளே மிச்சம் தங்கியிருக்கும் மின்சாரம் வடியும்படி செய்தார். பிறகு, உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் கழியும்பொருட்டு, பெட்டியின் வெறும் உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுக்கொண்டார். அதன்பின் பெட்டியைக் கையில் ஏந்தி, மூடியும் உடலும் சேரும் விளிம்பில் தம் நகத்தை மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார். பொறுமையிழந்து நான் மூடியைப் பிடித்து இழுக்கப் போக, அவர் என் கையைத் தடுத்து, "இழுக்கப்படாது அண்ணாச்சி. அதுவா விடுற இடம் ஒண்ணு இருக்கும், அதத்தான் தேடணும்" என்றார். அந்த இடம் பின்புறத்தில் ஓர் ஒட்டுக் காகிதத்துக்கு அருகே, ஒரே ஒரு திருகாணியாக இருந்தது. அதைக் கழற்றி, மூடியை முன்பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்த, அது சப்தமின்றி அவர் கையோடு வந்துவிட்டது.

கழற்றிய திருகாணியை அவர் மேஜைமேல் போடவில்லை. வரிசையாக வைத்திருந்த நாலைந்து பழைய முத்துச்சிப்பி ஓடுகளில் முதலாவதில் இட்டார். மூடியின் திருகு முதல் ஓட்டில், விசிறியின் திருகுகள் இரண்டாவதில், டிஸ்கின் திருகு மூன்றாவதில் என்று, கழற்றும் வரிசையே பூட்டும் வரிசைக்கு வழிகாட்டும்படி அமைத்திருந்த அந்த ஏற்பாட்டையும், அரிசி மணியளவே உள்ள கறுத்த திருகு அந்த ஓட்டின் உட்பக்கத்து ஒளியில் தெளிவாகத் தெரிந்ததையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இந்தக் கரையின் பழைய சலாபங்கள், அதாவது முத்துக்குளிப்புகள், நினைவுக்கு வந்தன.

கொற்கைத் துறையின் பெயரோடு சேர்ந்து ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த முத்துக்குளித்தல், இவ்வூரில் 1961-ஆம் ஆண்டுச் சலாபத்தோடு ஓய்ந்தது. கடலடிப் பாரில் மூழ்கி அள்ளிவந்த சிப்பிகளை ஏலத்தில் எடுத்தவர்கள், மொத்தத்தில் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைவிட, குவியலாகப் போட்டு நாட்கணக்கில் அழுகவிடுவதையே வழக்கமாகக் கொண்டார்கள். சதை கரைந்தபின் கழுவி, அரித்து, அடியில் தங்கிய முத்தைப் பொறுக்குவார்கள். முத்துக் கிடைத்தது மெய்தான். ஆனால் முத்து இருந்த சிப்பியோடு முத்தில்லாத ஆயிரமாயிரம் சிப்பிகளும் மாண்டன.

அதே தூத்துக்குடியில் சிப்பியைத் திறக்கும் வேறொரு வித்தை பின்னால் கைகூடிற்று. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1972-இல் இங்கே முத்து வளர்ப்பு ஆராய்ச்சியை ஆரம்பித்தார்கள். வேப்பலோடைக் கடலோரத்துப் பண்ணையில் சிப்பிகளை வளர்த்து, டாக்டர் கே. அழகர்சாமியின் முயற்சியால் 1973 ஜூலையில் உருண்டையான வளர்ப்பு முத்தைக் கண்டார்கள். இந்த முறையில் சிப்பியை உடைப்பதில்லை, அழுகவிடுவதுமில்லை. மெந்தால் தூவிய கடல்நீரில் இட்டால் சிப்பி மயங்கித் தானாகவே வாய் தளரும். அந்தச் சமயம் பார்த்து ஒரு சிறு ஆப்பைச் செருகி, ஓடுகள் மூடாமல் நிறுத்தி, அந்தக் குறுகிய இடைவெளிக்குள் நுண்கருவியை நுழைத்து, சதையில் சிறு கீறலிட்டு, ஓட்டில் கடைந்த மணி ஒன்றையும் இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் உள்ளே வைத்து, ஆப்பை எடுத்துவிடுவார்கள். சிப்பி மூடிக்கொண்டு மறுபடி கடலுக்குப் போகும். உயிரோடிருந்து முத்தை விளைவிக்கும். பலவந்தமாக ஓட்டைப் பிளந்தால் அதை மூடும் தசை கிழிந்துவிடும். சிப்பி தானே விட்டுக்கொடுக்கும் கணம்வரை காத்திருப்பதில்தான் அந்த வித்தையின் சூட்சுமம் முழுதும் அடங்கியிருக்கிறது.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இவ்விரு வழிகளும் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தார் 2005 ஜனவரியில் வெளியிட்ட மேக் மினி, 16.5 சென்டிமீட்டர் சதுரமும் 5 சென்டிமீட்டர் உயரமுமாக, வெளியே ஒரு திருகுகூடக் கண்ணில் படாத வழவழப்புடன் வந்தது. அதைத் திறக்க விரும்பியவர்கள், வர்ணம் பூசுகிறவர் பட்டி தேய்க்கும் மெல்லிய தகட்டை விளிம்பிலுள்ள இடுக்கில் செருகி, உள்ளே வரிசையாகப் பிடித்திருக்கும் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது. 2010-இல் அதன் அடிப்புறத்தில் வட்டமான மூடி ஒன்றை அமைத்தார்கள். இரண்டு கட்டைவிரல்களையும் வைத்துத் திருப்பினால் மூடி கழன்று, ராமை யாரும் மாற்றிக்கொள்ள முடிந்தது. 2014-இல் அந்த ராமைப் பலகையோடு ஈயப்பற்று வைத்து இணைத்துவிட்டார்கள். 2020-இலிருந்து அது பிராசஸரோடு ஒரே உறையில் அடங்கியிருக்கிறது. இதற்குத் தக்க காரணமும் உண்டு: ராமும் பிராசஸரும் நெருங்கியிருந்தால் செய்தி விரைந்து செல்லும், மின்சாரமும் குறைவாகச் செலவாகும். ஆனால் அந்த லாபத்துக்கு நாம் கொடுக்கும் விலை, ஓர் அவயவம் கெட்டால் அதை மட்டும் மாற்றும் சுதந்திரம் என்பதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

என் பெட்டி கழற்றக் கூடிய ஜாதியைச் சேர்ந்தது. மூடிக்கு அடியில் முதலில் தெரிந்தது விசிறி. அதன் இதழ்களின்மேல், ஈரம் கோத்த சாம்பல் நிறப் படலம் கம்பளிபோல் படிந்திருந்தது. அதை இறக்கியதும், பிராசஸரின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடுகள். அவற்றுக்கும் பிராசஸருக்கும் நடுவே, ஒரு காலத்தில் களிம்பாக இருந்து இப்போது சுண்ணாம்பைப்போல் காய்ந்து வெடித்துவிட்ட பேஸ்ட். பெட்டியைக் குப்புறத் திருப்பி அடிமூடியை நீக்க, ராம் தெரிந்தது. அதன் இருபுறத்துக் கவ்விகளையும் விரலால் விலக்கியவுடன், அது தன்பாட்டில் சாய்வாக எழுந்து நின்றது. பக்கத்தில் 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட, விரலைப் போன்ற டிஸ்க், ஒரே ஒரு திருகில் படுத்திருந்தது. மூலையில் பொத்தான் போன்ற பேட்டரி: சிஆர் 2032 என்று அதன்மேல் பொறித்திருப்பதில் அந்த எண், 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் என்று அதன் அளவைத்தான் குறிக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்திலும் நாளையும் மணியையும் மறவாமல் காப்பது அதன் 3 வோல்ட்டு.

இளைஞர் விளக்கைத் தாழ்த்தி, பலகையின் பின் ஓரத்தைக் காட்டினார். கம்பிகள் செருகும் துவாரங்களையொட்டி, ஊசிமுனையளவான இரண்டு செப்புக் கால்களுக்கு நடுவில், பாசி படர்ந்தாற்போலப் பச்சை பூத்திருந்தது. உப்புத் துகள் காற்றிலுள்ள ஈரத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் மின்சாரம் கடத்தும் மெல்லிய ஏடாகப் பரவும். செல்லக் கூடாத வழியில் மின்சாரம் கசிய, செம்பு கரைந்து பச்சையாகும். மென்மையான தூரிகையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, குழந்தையின் காதைத் துடைப்பதுபோல் அவர் அதைத் துடைத்து எடுத்தார். ராமின் பொன்முலாம் பூசிய பற்களையும் அவ்வாறே துடைத்து, புதிய பேஸ்ட் தடவி, பேட்டரியை மாற்றி, ஓடுகளிலிருந்த திருகுகளைக் கடைசியிலிருந்து முதலுக்கு வரிசை மாறாமல் பூட்டினார். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழன்றது. சிறிது நேரத்தில் திரையில் வெளிச்சம் வந்தது.

இதிலிருந்து சாமானிய வாசகர்கள் எடுத்துக்கொள்ளத் தக்க சில விஷயங்கள் உண்டு. கடலோரத்தில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது பெட்டியைத் திறந்து தூசி நீக்குவது நலம். அப்போது விசிறியை விரலால் பிடித்துக்கொண்டே ஊத வேண்டும். கட்டுக்கடங்காமல் சுழலவிட்டால் அதன் தாங்கி கெடும். மின்சாரத்தை மாற்றித் தரும் அடாப்டரை மட்டும் திறக்கவே கூடாது; உருவிய பின்னும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். எந்த மூடியாவது வர மறுத்தால், இன்னும் விடுவிக்காத திருகோ கொக்கியோ ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பலத்தைக் கூட்டுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022 டிசம்பரில் ஓர் இணைய வாசலைத் திறந்து, பொருள்களைப் பழுது பார்ப்பது பற்றிய விவரங்களை உற்பத்தியாளர்கள் அங்கே தர வழி செய்தது. அது நல்ல ஆரம்பம். ஆனால் அந்த உரிமை உயிர் பெறுவது வாங்குகிறவரின் வாயில்தான். விலையையும் வேகத்தையும் கேட்பதற்கு முன்னால், பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது எந்த இடத்தில் விடும்?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவரால் ஒரு திருகைச் சுட்டிக்காட்ட முடிந்தால், அந்தப் பெட்டி இந்த உப்புக் காற்றிலும் பல வருஷம் பிழைத்துக் கிடக்கும்.