அளவுக்குட்பட்ட இணைப்பா, அளவற்ற இணைப்பா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள கிராமங்களில் தெருக் கம்பங்களை அண்ணாந்து பார்க்கும் அன்பர்கள், கறுப்பு நிறத்தில் மெல்லிய கம்பிகள் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைக் கண்டிருப்பார்கள். தலைமயிர் போன்ற கண்ணாடி இழையின் வழியே ஒளியைச் செலுத்தி, வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுவருபவை அவை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு ஹுண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை எழுந்தது. ஆலைகளைத் தொடர்ந்து வாடகை வீடுகள் வரிசை வரிசையாக வந்தன. அவ்வீடுகளுக்குச் சொந்தக்காரர்களில் நம் அங்கத்தினர்களும் உண்டு. ஆதலால் இணையச் சந்தா என்பது இன்று நம் குடும்ப வரவு செலவில் மின்கட்டணத்துக்கு அடுத்தபடியாக இடம்பெறும் செலவாகிவிட்டது.

சென்ற மாதம் நெசவாளர் அன்பர் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வந்து, மேஜைமீது துண்டுப் பிரசுரம் ஒன்றை விரித்தார். அவர் வீட்டில் ஏற்கெனவே மாதம் 100 ஜி.பி. என்று அளவிட்ட இணைப்பு இருக்கிறது. மாதம் 200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் அளவே இல்லாத இணைப்பாக மாற்றித் தருவதாகப் பிரசுரம் கூறிற்று. “அளவில்லாதது என்றால் நல்லதுதானே ஐயா?” என்றார் அவர். மாதம் 200 என்பது ஆண்டுக்கு 2,400 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு, சேவை வரியும் சேர்ந்தால் 2,832 ரூபாய். தறியில் உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டிய தொகை இது. ஆகவே அவருடன் அமர்ந்து நாமும் கணக்குப் பார்க்கலானோம்.

முதலில் ‘அளவற்றது’ என்னும் சொல்லைப் பார்ப்போம். விவசாயிகளின் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். மீட்டர்க் கவலை இல்லை. ஆயினும் கிணற்றுக்கு அடி ஒன்று உண்டல்லவா? அவ்வாறே இதற்கும் அடி உண்டு. 2019 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் வீட்டு இழை இணைப்பை விற்கத் தொடங்கியபோது, 699 ரூபாய்த் திட்டத்துக்கு 100 ஜி.பி.யும் அறிமுகச் சலுகையாக மேலும் சிறிதும் என்றே அளவு வைத்தது. ஓராண்டு கழித்து, நோய்த்தொற்றின் காரணமாக வீடுகள் பள்ளிகளாகவும் அலுவலகங்களாகவும் மாறியிருந்த 2020-இல், ஜியோவும் ஏர்டெல்லும் அளவற்ற திட்டங்களை அறிவித்தன. நிபந்தனைகளை ஊன்றிப் படித்தவர்களுக்கு மாதம் 3,300 ஜி.பி. என்னும் எல்லை அங்கே தென்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பி.எஸ்.என்.எல். வெளியிட்ட 449 ரூபாய்த் திட்டமோ இந்த 3,300 ஜி.பி.யை வெளிப்படையாகவே கூறி, அதற்குமேல் வேகம் 2 மெகாபிட்டாகக் குறையும் என்றும் சொல்லிற்று. சொல்லாமல் வைத்த எல்லையைக் காட்டிலும் சொல்லி வைத்த எல்லையே நமக்கு மரியாதையாகப்படுகிறது.

அந்த எல்லை குடும்பத்தைத் தொடுமா? தெளிவான படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க மணிக்குச் சுமார் 3 ஜி.பி. செலவாகும். ஒரு தொலைக்காட்சியை இரவு பகல் அணைக்காமல் முப்பது நாளும் ஓடவிட்டால் 720 மணி நேரம். அதாவது 2,160 ஜி.பி. யாருமே உறங்காத வீட்டிலும் ஒரு பெட்டியால் 3,300-ஐ எட்ட முடியாது. ஆகவே சாதாரணக் குடும்பத்துக்கு இது அளவற்றதேயாகும். ஆனால் 100 ஜி.பி. என்பது அதே தொலைக்காட்சிக்கு 33 மணி நேரமே. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி.

தொழில் நிமித்தம் இணையம் வேண்டும் என்பார் பலர். நெசவாளர் ஒருவர் சேலையின் உடலையும் முந்தானையையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் என்று கொள்வோம். படம் ஒன்றுக்கு 5 எம்.பி. என்று தாராளமாகவே வைத்தாலும், 100 ஜி.பி.யில் 20,000 படங்கள் அனுப்பலாம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் முழுவதும் நெய்யும் சேலைகளைப் படமெடுத்தாலும் தீருமோ என்னவோ! தொழிலுக்கு வேண்டியது சொற்பம். இணையத்தை விழுங்குவது திரைப்படமும் தொடரும் பிள்ளைகளின் விளையாட்டுமே. அவற்றைக் குறை கூற நாம் வரவில்லை. எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுக்க வேண்டும் என்கிறோம்.

அளவு தீர்ந்தபின் என்ன நேரும் என்பதே அடுத்து கேட்க வேண்டியது. பெரும்பாலான திட்டங்களில் இணைப்பு நின்றுவிடுவதில்லை, வேகம் தாழ்கிறது. டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், கம்பிவழி இணைப்பின் வேகம் அப்போதும் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகலாகாதென்று 2016-இல் கட்டளையிட்டது. அந்த வேகத்தில் 1 ஜி.பி. வந்து சேர நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். 2 மெகாபிட் வேகமாயின் ஒரு மணி ஏழு நிமிடத்தில் வந்துவிடும். பணம் செலுத்தவும், படம் அனுப்பவும், முகம் பார்த்துப் பேசவும் அது போதும். 2023 முதல் அகல அலைவரிசை என்று பெயர் பெறுவதற்கே குறைந்தது 2 மெகாபிட் வேண்டும் என்று மத்திய அரசு வரையறுத்திருக்கிறது. ஆதலால் அளவிட்ட திட்டத்தை எடுப்பவர், “தீர்ந்தபின் வேகம் எவ்வளவு?” என்ற ஒரு கேள்வியைக் கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம். முதியோர் இருவர் மட்டும் வாழும் வீட்டுக்கு, தீர்ந்தபின் 2 மெகாபிட் தரும் சிறிய திட்டமே தாராளம்.

வாடகை வீட்டுக்காரர்களின் கணக்கு வேறு. பத்து ஆலைத் தொழிலாளர்கள் தங்கும் வீட்டில் ஆளுக்கு மூன்று மணி நேரம், மணிக்கு 3 ஜி.பி. என்று பார்த்தால், நாளுக்கு 90, மாதத்துக்கு 2,700 ஜி.பி. ஆகிறது. கைபேசியின் சிறு திரைக்கு இதில் மூன்றிலொரு பங்கே போதுமாயினும், இங்கே கிணற்றின் அடி கண்ணுக்குத் தெரிகிறது. அதைவிட முக்கியமானது வேகம். ஷிப்டு முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால், 30 மெகாபிட் இணைப்பில் ஆளுக்கு 3 மெகாபிட்டே கிடைக்கும். தெளிவான படத்துக்கு 5 வேண்டும். இவர்கள் அளவைப் பற்றி விசாரிப்பதை விட்டு, 100 மெகாபிட்டுக்கு என்ன விலை என்று விசாரிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்கென்று வாங்கிய இணைப்பை அறைக்கு இவ்வளவு என்று விற்பது அந்த இணைப்பின் நிபந்தனைகளுக்கு விரோதம். யாரேனும் தவறான காரியம் செய்தால் முதலில் தேடிவருவது, யார் பெயரில் இணைப்பு இருக்கிறதோ அவரைத்தான். 2020 டிசம்பரில் மத்திய அரசு அங்கீகரித்த பி.எம்.-வாணி திட்டத்தில், சிறு கடைக்காரரும் உரிமம் இல்லாமலே பொது இணைய நிலையம் நடத்தலாம். நம் சங்கக் கட்டடத்திலேயே அப்படி ஒன்று நடத்தலாகாதா என்பது நிர்வாகக் குழுவினர் யோசிக்கத்தக்க விஷயம்.

விளம்பரத்தில் 100 மெகாபிட் என்றிருந்தால் எப்போதும் அதுவே வரும் என்று எண்ண வேண்டாம். ஓர் இழையில் வருவது சுமார் 2,500 மெகாபிட். அதை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். ஏரி மடை ஒன்றே, வயல்கள் பல. எல்லோரும் ஒருசேரத் திறந்தால் கடைமடை வயலுக்கு எவ்வளவு வரும் என்று நம் விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டில், இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பார்ப்பதே உத்தமமான சோதனை.

கம்பி அறுந்தால் எத்தனை நாளில் வந்து ஒட்டுவார்கள் என்பதையும் அங்கேயே கேட்டறியலாம். இப்பகுதியில் சாலைக்கென்றும் குழாய்க்கென்றும் மண்தோண்டும் வேலை ஓய்வதில்லை. நம் அலுவலகத்து இணைப்பு ஒருமுறை மண்வாரி இயந்திரத்தால் அறுபட்டு ஐந்து நாள் கிடந்தது. அது அளவற்ற இணைப்புத்தான்! ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்னும் சலுகையை ஏற்குமுன், இரண்டு மூன்று மாதம் மாதச் சந்தாவில் ஓட்டிப் பார்ப்பது விவேகம்.

நம் நெசவாளர் அன்பரின் கணக்குக்கு வருவோம். அவர் கைபேசியிலுள்ள செயலியைத் திறந்து, மூன்று மாதச் செலவைப் பார்த்தோம். மார்ச்சில் 61 ஜி.பி., ஏப்ரலில் 74, பேரன் விடுமுறைக்கு வந்திருந்த மே மாதத்தில் 118. எல்லையைத் தாண்டியது அந்த ஒரு மாதம் மட்டுமே. தாண்டியபின் கிடைத்த வேகம் 2 மெகாபிட். வருஷத்தில் சில நாள்களுக்காக 2,832 ரூபாயா என்று கேட்டோம். அவரும் சிரித்துக்கொண்டே பிரசுரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “கணக்கு சரிதான் ஐயா, ஆனால் அந்தச் சில நாளும் பேரன் என்னைச் சும்மா விடமாட்டானே!” என்று கூறி, வீட்டில் கலந்துகொண்டு முடிவு சொல்வதாகப் புறப்பட்டுச் சென்றார்.