ஏரிக்குத் தாங்கல், கணினிக்கு ஸ்வாப்

பாகூர் ஏரி புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி. தென்பெண்ணை நீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து சேர்க்கிறது. நிரம்பியதும் மிச்ச நீர் கலிங்கில் வழியும். கலிங்கு இல்லையென்றால் கரை உடையும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் மென்பொருளைக் கற்கும் மாணவருக்கு நினைவகத்தை விளக்க எனக்கு இந்த ஏரியே போதும்.

கன்டெய்னர்கள் ஓடும் ஒவ்வொரு கணினியிலும் ரேம் ஒன்றுதான். எல்லாரும் அதில்தான் பாசனம் செய்ய வேண்டும். மிச்சம் 100 எம்பிக்குக் கீழே போனால், அந்தக் கணினியில் குபர்நெட்டீஸின் முகவரான கியூப்லெட் சில பாடுகளை, அதாவது கன்டெய்னர் தொகுதிகளை, வெளியேற்றும். அதுவே இங்கே கலிங்கு. வெள்ளம் அதைவிட வேகமாக ஏறினால் லினக்ஸ் கெர்னல் ஏதாவது ஒரு நிரலைக் கொன்றுவிடும். காலையில் வந்து பார்ப்பவருக்கு 137 என்ற முடிவு எண்தான் மிஞ்சியிருக்கும்.

ஸ்வாப் என்பது ஏரியை ஒட்டிய சிறு நீர்நிலை, அதாவது தாங்கல். நெடுநேரம் யாரும் தொடாத நினைவகப் பக்கங்களைக் கெர்னல் வட்டில் கொண்டுபோய் வைக்கும். திரும்ப எடுக்க நேரமாகும். ஆனால் எதுவும் அழியாது.

கூகுள் 2014இல் வெளியிட்ட குபர்நெட்டீஸ் இந்தத் தாங்கலைப் பல ஆண்டுகள் தூர்த்தே வைத்திருந்தது. ஸ்வாப் இருந்தால் கியூப்லெட் தொடங்கவே மறுக்கும். காரணம் நியாயமானது: யார் எவ்வளவு எடுத்தார் என்று கணக்கு வைக்க முடியாது, ஒருவரின் பேராசையால் அத்தனை பேரும் மெதுவாவார்கள். அந்தக் கணக்கை லினக்ஸின் வளப் பங்கீட்டு வசதியான சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பு சாத்தியமாக்கியது. 2021இல் 1.22 பதிப்பில் சோதனையாக நுழைந்த வசதி, 2025 ஆகஸ்டில் 1.34இல் நிலைபெற்றது.

ஸ்வாப் பங்கீட்டு முறை எனக்குப் பிடித்திருக்கிறது. 16 ஜிபி ரேமும் 8 ஜிபி ஸ்வாப்பும் உள்ள கணினியில் 2 ஜிபி கேட்ட கன்டெய்னருக்கு 1 ஜிபி ஸ்வாப் கிடைக்கும். கேட்ட ரேமின் விகிதமே பங்கு. இது பர்ஸ்டபிள் வகைப் பாடுகளுக்கு மட்டும். அளவு முன்பே உறுதியான கேரண்டீட் வகைக்கும், எதுவுமே கேட்காத பெஸ்ட் எஃபர்ட் வகைக்கும் ஸ்வாப் கிடையாது.

பெரிய தரவு மையம் ரேம் வாங்கிப் போடும். கிராமத்துக் கல்லூரியில் 8 ஜிபி கணினிகளைக் கோத்து கிளஸ்டர் கட்டும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஸ்வாப்பை அணைக்கும் ‘ஸ்வாப்ஆஃப்’ கட்டளையை மந்திரம்போல ஒப்பிக்கும் பழைய பாடத்தை இவர்களுக்காகவாவது திருத்த வேண்டும்.

ஸ்வாப்பைப் பயன்படுத்தக் கியூப்லெட்டில் இரண்டு அமைப்புகள் தேவை: ஃபெயில்ஸ்வாப்ஆன் ‘ஃபால்ஸ்’, ஸ்வாப்பிஹேவியர் ‘லிமிடெட்ஸ்வாப்’. முதலாவதை மட்டும் மாற்றினால் கியூப்லெட் தொடங்கும்; பாடுகளுக்கு ஸ்வாப் கிடைக்காது. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஸ்வாப் வைக்காதீர்கள், எஸ்எஸ்டி வேண்டும். கடவுச்சொற்கள் வட்டில் இறங்கக்கூடும் என்பதால் அந்தப் பகுதியை என்கிரிப்ட் செய்யுங்கள். ஷெட்யூலர் ஸ்வாப்பைக் கணக்கில் எடுக்காது என்பதால் ரேம் கேட்பு அளவை நேர்மையாக எழுதுங்கள்.

பிறகு ‘விஎம்ஸ்டாட்’ ஓடவிட்டு ஸ்வாப்பிலிருந்து வருவதையும் ஸ்வாப்புக்குப் போவதையும் காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளைப் பாருங்கள். எப்போதாவது அசைந்தால் கவலையில்லை. இரண்டும் ஓயாமல் ஓடினால் வேலையைக் குறைக்க வேண்டும், அல்லது ரேம் வாங்க வேண்டும்.