ஓடிக் களைத்த சக்கரம்... மாடல் டாங்கிக்கு உயிர் கொடுக்கும் கைவேலை!

பாகங்களை ஒட்டி, பச்சை பெயின்ட் அடித்து, கொடியும் எண்ணும் ஒட்டி முடித்த பிறகும் சில மாடல் டாங்கிகள் வெறும் பொம்மையாகவே நிற்கும். குறை பெரும்பாலும் பீரங்கிக் குழாயில் இருக்காது. கீழே, சக்கரங்களில் இருக்கும். நாற்பது டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி மண்ணையும் கல்லையும் அரைத்துக்கொண்டு ஓடினால், அதன் சக்கரம் கடையில் வாங்கிய புதுப் பாத்திரம்போலப் பளபளக்குமா?

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது சாதாரணப் பொழுதுபோக்கு மட்டுமல்ல. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் ‘விஜயந்தா’ டாங்கி 1965-ல் வெளிவந்தது. பிறகு ‘அஜேயா’ என்ற டி-72, ‘பீஷ்மா’ என்ற டி-90, ‘அர்ஜுன்’ என வரிசை நீண்டது. அப்பாவோ தாத்தாவோ அந்த ஆலையில் வேலை பார்த்த வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். விஜயந்தா பணியிலிருந்து விடைபெற்றுவிட்டது. அதை நேரில் பார்க்காத பேரப்பிள்ளைக்கு அலமாரியில் நிற்கும் மாடல்தான் சாட்சி. அந்தச் சாட்சி பொய் சொல்லக் கூடாது, இல்லையா?

மாட்டுவண்டி சொல்லும் பாடம்

சக்கரம் எப்படித் தேயும் என்று தெரிந்துகொள்ள ராணுவ முகாமுக்குப் போக வேண்டியதில்லை. பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகளைக் கவனித்தாலே போதும். மாட்டுவண்டியின் இரும்புப் பட்டையில் தரையைத் தொடும் பகுதி வெள்ளிபோல மின்னும். பக்கவாட்டில் துரு ஏறியிருக்கும். குடத்தைச் சுற்றி வண்டிமை கசிந்து, அதில் புழுதி அப்பிக் கருத்துப்போயிருக்கும். உரசும் இடம் பளபளக்கும், உரசாத இடம் துருப்பிடிக்கும், மசகு கசியும் இடம் அழுக்கேறும். டாங்கிக்கும் இதே விதிதான்.

டி-72-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு ஆறு இரட்டைச் சக்கரங்கள். விளிம்பில் ரப்பர், நடுவட்டு அலுமினியக் கலவை. அலுமினியம் செந்துரு பிடிக்காது. ஆனாலும் பலர் அங்கேதான் ஆசை ஆசையாகத் துரு நிறத்தைப் பூசுகிறார்கள்! துரு வர வேண்டிய இடம் எஃகால் ஆன சங்கிலிப்பட்டை. அதன் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகள் இரட்டைச் சக்கரங்களுக்கு இடையே ஓடுவதால், சக்கரங்களின் உள்பக்கம் உரசிப் பெயின்ட் போயிருக்கும். பின்னால் உள்ள பல்சக்கரத்தில் பற்கள் மட்டும் மின்னும்.

ஒரு மில்லிமீட்டர் கணக்கு

ராணுவ வண்டி மாடல்களில் அதிகம் புழங்கும் அளவு 1:35. டி-72-ன் சக்கரம் நிஜத்தில் 75 சென்டிமீட்டர் விட்டம். மாடலில் சுமார் 21 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம். இந்த அளவில் நீங்கள் போடும் ஒரு மில்லிமீட்டர் கீறல் நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர் வெட்டு. ஆற்றுமணலைத் தூவினால் ஒவ்வொரு மணலும் கூழாங்கல் ஆகிவிடும். அதனால் எதையும் சின்னதாக, மெல்லிசாகச் செய்ய வேண்டும்.

வீட்டுப் பொருளே போதும்

* பெயின்ட் அடிக்கும் முன்பே ரப்பர் விளிம்பை உப்புத்தாளால் லேசாக மழுக்குங்கள். ஓரிரு சக்கரங்களில் மட்டும் கத்தி முனையால் சிறு துணுக்கு எடுங்கள். கல் நிலத்தில் ஓடிய ரப்பர் அப்படித்தான் பிய்யும். பன்னிரண்டிலும் ஒரே மாதிரி வெட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

* சக்கர வட்டுக்கு முதலில் வெள்ளி நிறம். காய்ந்ததும் உரசும் இடங்களை மட்டும் ஈரமாக்கித் தூள் உப்பைத் தூவி, உலர்ந்த பின் பச்சை பெயின்ட்டை ஸ்ப்ரே செய்யுங்கள். பெயின்ட் காய்ந்ததும் பழைய டூத் பிரஷ்ஷை ஈரமாக்கித் தேய்த்தால் உப்பு உதிர்ந்து, உள்ளே இருக்கும் ‘உலோகம்’ எட்டிப்பார்க்கும்.

* ரப்பருக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம். அடர் சாம்பல்தான் இயல்பு.

* பல்சக்கரத்தின் பற்கள், பட்டையின் மேடான பகுதிகள், கொம்புகள் ஆகியவற்றில் 6பி பென்சிலால் தேயுங்கள். எஃகு மினுக்கு வந்துவிடும்.

* குடத்தருகே பளபளப்பான அடர் பழுப்பை ஒரு பொட்டு வைத்து, கீழ்நோக்கி இழுத்தால் கிரீஸ் கசிவு.

* கடைசியாகப் புழுதி. கலர் சாக்பீஸை மாவாக அரைத்துப் பிரஷ்ஷால் தடவுங்கள். ராஜஸ்தான் பாலைவனம் என்றால் வெளிர் மஞ்சள், நம்மூர் என்றால் செம்மண் நிறம். ஒரே வண்டியில் இரண்டு ஊர் மண் வேண்டாம்.

உப்புத்தாள் தேய்க்கும்போதும் ஸ்ப்ரே அடிக்கும்போதும் முகக்கவசம் அணிவது, ஜன்னலைத் திறந்துவைப்பது கட்டாயம். கத்தி வேலையைக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

எங்கே நிறுத்துவது?

கை பழகியதும் வரும் ஆபத்து, அதிகமாகச் செய்துவிடுவது. படையில் இருக்கும் வண்டியைத் துடைத்து, கிரீஸ் போட்டு, தேய்ந்த சக்கரத்தை மாற்றிப் பராமரிப்பார்கள். ஐந்து பழைய சக்கரங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் புதிதாக இருப்பதும் நிஜம்தான். ஒவ்வொரு கீறல் போடும்போதும், ‘இது எதில் உரசி வந்தது?’ என்று கேளுங்கள். பதில் இருந்தால் போடலாம். இல்லையென்றால் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடலாம்.

ஆவடியில் வேலை பார்த்த பெரியவர் யாராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், மாடலை அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். எந்த இடம் தேயும், எது தேயாது என்று அவருக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கிட் பெட்டிக்குள்ளும் அந்தக் குறிப்பு கிடைக்காது.