தேவாசிரியன் மண்டபமும் கைபேசித் திரையும்

திருவாரூர்ப் பெருங்கோயிலில் தேவாசிரியன் மண்டபம் என்று ஒரு மண்டபம் உண்டு. தியாகேசரைத் தொழ வரும் அடியார்கள் முதலில் அங்கே கூடுவர். ஒருநாள் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அந்த மண்டபத்தைக் கடந்து இறைவனைத் தொழச் சென்றார். இவ்வடியார்களுக்கு அடியவனாகும் நாள் எந்நாளோ என்னும் ஏக்கம் அவர் உள்ளத்தில் நிறைந்திருந்தது. ஆயினும் உள்ளத்தில் இருந்தது வெளியே தெரியவில்லை. அங்கிருந்த விறன்மிண்ட நாயனார் வெகுண்டார். அடியார் கூட்டத்தை வணங்காமல் செல்கின்ற வன்தொண்டனும் புறம்பானவன், அவனை ஆட்கொண்ட சிவனும் புறம்பானவன் என்று அவர் துணிந்து கூறியதாகச் சேக்கிழார் பெருமான் பாடியுள்ளார்.

அந்தச் சினத்தின் பயனாக நமக்குக் கிடைத்ததே திருத்தொண்டத்தொகை. தனியடியார் அறுபதின்மரைப் பெயர் சொல்லியும், தொகையடியார் ஒன்பதின்மரைக் கூட்டமாகச் சொல்லியும், ஒவ்வொருவருக்கும் தாம் அடியவர் என்று சுந்தரர் பாடினார். கருவறையை நோக்கி நடப்பது மட்டும் வழிபாடாகிவிடாது, வழியில் கூடியிருப்பவர்களைக் கண்டுகொள்வதும் வழிபாட்டின் ஒரு கூறு என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம்.

இப்பாடம் இந்நாளில் புதிய பொருள் பெற்றுள்ளது.

திரைக்கு வந்த கருவறை

2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கோயில்களில் நித்திய பூஜைகள் நடந்தன. பக்தர்களுக்கு மட்டும் அனுமதியில்லை. அவ்வாண்டு மே 4ஆம் நாள் மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர் கூட்டமின்றி நடைபெற்று இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பாயிற்று. வீட்டிலிருந்தபடியே அதனைத் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் கண்டு, அந்நேரத்தில் மங்கல நாண் மாற்றிக்கொண்ட சுமங்கலிகள் பலர்.

ஊரடங்கு நீங்கிய பிறகும் அந்தப் பழக்கம் நீங்கவில்லை. முழங்கால் வலியால் படியேற இயலாதவர்களுக்கும், பிள்ளைகளுடன் வெளிநாடு சென்று தங்கிவிட்டவர்களுக்கும் நேரலைத் தரிசனம் பெரும் ஆறுதல். அதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். நேரலையில் நாம் சுவாமியைப் பார்க்கிறோம். பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பதில்லை. ஆயிரம் பேர் ஒரே அபிஷேகத்தைக் கண்டாலும் ஆயிரம் பேரும் தனித்தனியே இருக்கிறார்கள். கருவறை திரைக்கு வந்துவிட்டது. தேவாசிரியன் மண்டபம் வரவில்லை.

அந்த மண்டபத்தையும் திரையில் எழுப்ப முடியுமா என்னும் முயற்சியே, இன்று பல ஊர்களில் நடைபெறும் இணையவழிச் சத்சங்க உரையாடல்கள். நான் பங்குபெறும் திருமுறைக் குழுவிலும் மாதம் ஒருமுறை பாராயணத்திற்குப் பிறகு, அடியார் கூட்டம் என்பது யாது என்னும் பொருள் பற்றி உரையாடுகிறோம். ஏறக்குறைய நூறு பேர் கூடும் அவையை நடத்துவதில் நாங்கள் கற்றவற்றை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வது பயன் தரும் என்று கருதுகிறேன்.

நூறு பேரும் பேசுவது எவ்வாறு?

வங்கியில் கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால் முதலில் கணக்கையே பார்த்தேன். நூறு பேர் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினால் 200 நிமிடங்கள், அதாவது மூன்று மணி இருபது நிமிடங்கள் ஆகும். ஜூம் செயலியின் கட்டணமில்லாக் கணக்கில் கூட்டம் 40 நிமிடங்களில் முடிந்துவிடும். ஆகவே பெரும்பாலான குழுக்களில் நால்வர் பேச, மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கலைகிறார்கள். அது சொற்பொழிவு; உரையாடல் ஆகாது.

இதற்கு வழி அந்தச் செயலியிலேயே உள்ளது. அவையோரைச் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கும் வசதி அது. நூறு பேரை ஐவர் ஐவராக இருபது அறைகளில் அமர்த்தினால் பத்தே நிமிடங்களில் நூறு பேரும் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசிவிடுவர். பின்னர் அனைவரும் பொது அவைக்குத் திரும்பி, அறைக்கு ஒருவராகத் தாம் கேட்டவற்றை ஒரு நிமிடத்தில் சொன்னால் மேலும் இருபது நிமிடம். வரவேற்புக்கும் கடவுள் வாழ்த்துக்கும் பத்து நிமிடம் மீதமிருக்கும்.

ஒவ்வோர் அறையிலும் செயலியைக் கையாளத் தெரிந்த ஒருவர் இருத்தல் நலம். கல்லூரியில் படிக்கும் பேரன் பேத்திகள் இத்தொண்டை மகிழ்ச்சியுடன் செய்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்லியிருப்பது ஒன்றுதான்: பெரியவர் ஒருவர் சொல் தேடித் தயங்கினால் நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள், காத்திருங்கள்.

கேள்வியில்தான் எல்லாம் உள்ளது

சமூகம் என்றால் என்ன என்று கேட்டால் எல்லாரும் பொன்மொழிகளைச் சொல்வர். ஒற்றுமை, அன்பு, பகிர்தல் என்று வட்டம் சுற்றி வந்துவிடும். ஆகவே கேள்வியை மாற்றினோம். "நீங்கள் கோயிலுக்கு ஒரு வாரம் வரவில்லையென்றால் யார் விசாரிப்பார்கள்?" என்று கேட்டோம்.

எண்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் பல மாதங்களாக வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தவர். காவிரிக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் அம்மனுக்குப் பூத்தொடுத்துக் கொடுத்தவர். கணவர் மறைந்த பின், மகன் வீட்டில், பெருநகரின் பன்னிரண்டாம் மாடியில் வாழ்கிறார். ஐவர் கொண்ட அறையில் தம் முறை வந்தபோது அவர் சொன்னார்: "ஊரில் ஒருநாள் பூ வரவில்லையென்றால் குருக்கள் ஆளனுப்பி விசாரிப்பார். இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. மகனும் மருமகளும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் என்னை யாரும் எதிர்பார்ப்பதில்லை."

அவ்வறையில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. கூட்டம் என்பதன் பொருளை அவர் ஒரே வாக்கியத்தில் வரையறுத்துவிட்டார். எதிர்பார்க்கப்படுகிறவர்களின் தொகுதியே கூட்டம். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஓர் ஏற்பாடு செய்தோம். ஒவ்வோர் ஐவருக்கும் ஒருவர் பொறுப்பு. யாரேனும் வாராவிடில் மறுநாள் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்க வேண்டும். அடுத்த மாதம் அந்த அம்மையாரே வரவில்லை. கைபேசி பழுதாகியிருந்தது. மகனின் எண்ணுக்கு அழைத்துப் பேசியபோது, "என்னைத் தேடினீர்களா?" என்று மூன்று முறை கேட்டாராம்.

பெயரும் முகமும்

சிறியனவாகத் தோன்றும் சில செய்திகளும் இங்கே இன்றியமையாதவை. திரையில் பெயர் தோன்றும் இடத்தில் பல முதியவர்களுக்குக் கைபேசி நிறுவனத்தின் பெயரோ பேரன் பெயரோ தோன்றுகிறது. சுந்தரர் அடியார்களைப் பெயர் சொல்லி வணங்கினார். நாமும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்க வேண்டுமானால், கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதிவைப்பது நடத்துபவரின் முதற்கடமை.

சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் முகம் இருண்டுவிடும். வெளிச்சம் முகத்தில் படும்படி அமர வேண்டும். செவித்திறன் குறைந்தவர்கள் உதட்டசைவையும் துணைக்கொள்வதால், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் ஒலியை நிறுத்திவைப்பது மரியாதை.

சேர்ந்து பாடுவது மட்டும் இணையத்தில் கைகூடவில்லை. ஒவ்வொருவர் குரலும் சிறு தாமதத்துடன் வந்து சேர்வதால் தாளம் சிதறிவிடுகிறது. ஆகவே ஒருவர் பாட, மற்றவர்கள் தத்தம் வீட்டில் ஒலியை நிறுத்திக்கொண்டு உடன் பாடுகிறோம். நம் குரலை நாம் மட்டுமே கேட்கும் அவ்வேளையில், கோயிலில் கூடிப் பாடியதன் அருமை விளங்குகிறது. திரை மண்டபம் கல் மண்டபத்திற்கு ஈடாகாது என்பதை மறவாதிருக்க இக்குறையும் உதவுகிறது.

வங்கியில் பணியாற்றியவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. குழுவின் பெயரால் திருப்பணிக்கு நன்கொடை கேட்டு இணைப்போ செய்தியோ வந்தால், பொறுப்பாளரை நேரில் அழைத்துக் கேளாமல் பணம் அனுப்பாதீர்கள். ஓடிபி எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள்.

இடைகழியில் இடம்

திருக்கோவலூர் இடைகழியின் வரலாற்றை வைணவ அன்பர்கள் அறிவர். மழையிரவில் ஒருவர் படுக்கலாம் என்றிருந்த இடத்தில் பொய்கையாழ்வார் ஒதுங்கினார். பூதத்தாழ்வார் வந்தார், இருவர் அமரலாம் என்றானது. பேயாழ்வார் வந்தார், மூவர் நிற்கலாம் என்றானது. அதன் பிறகே நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தனர். படுத்திருந்தவர் எழுந்து அமர்ந்தார், அமர்ந்தவர் எழுந்து நின்றார். அவ்வாறு இடம் விட்டுக்கொடுத்த பின்னரே பெருமாள் அங்கு வந்தார்.

உரையாடலை நடத்துவது என்பதும் இடைகழியில் இடம் விடுவதே. நன்கு பேசத் தெரிந்தவர் சற்றுக் குறைத்துப் பேசுவதும், பேசத் தயங்குபவருக்கு அந்த இரண்டு நிமிடத்தைக் காத்துக்கொடுப்பதும் அதிலடங்கும். சிங்கப்பூரில் இருப்பவருக்கு நம் மாலை ஏழரை மணி இரவு பத்து மணியாகும் என்று எண்ணிக் கூட்டத்தை ஒரு மணி நேரம் முன்கூட்டி வைப்பதும் அவ்வகைத் தொண்டே.

திருத்தொண்டத்தொகையின் ஒன்பது தொகையடியார்களுள் ஒரு தொகைக்கு அப்பாலும் அடிச்சார்ந்தார் என்று பெயர். மூவேந்தர் தமிழ்நாட்டுக்கு அப்பால் இறைவனடி சார்ந்தவர்களையும், அத்தொகை பாடப்பெற்ற காலத்திற்கு முன்னும் பின்னும் வாழும் அடியார்களையும் அது குறிப்பதாகப் பெரியோர் உரைப்பர். கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருப்போரையும் எண்ணி வணங்கிய மரபு நம்முடையது. அடுத்த முறை கைபேசியில் அபிஷேகம் கண்டு கைகூப்பிய பின், அதே கைபேசியில் அன்று வாராத ஓர் அன்பரை அழைத்து நலம் விசாரியுங்கள். தியாகேசர் திருவுள்ளம் மகிழ்வார்.