நீச்சற்குளமும் பிற உயிர்களும்



வன்னிப் பகுதியிலுள்ள ஒரு குளத்தை மனத்தில் எண்ணிப் பாருங்கள். ஒரு புறம் உயர்ந்த அணைக்கட்டு இருக்கும். மறுபுறமோ நீர் மெல்ல மெல்ல ஆழங்குறைந்து புற்றரையோடு கலந்துவிடும். மான் இறங்கும், நரி இறங்கும், நேற்றுப் பொரித்த தாராக்குஞ்சும் நீந்திக் களைத்தபின் தானாகவே கரையேறிவிடும். இனி, விடுதிகளிலும் வசதியுள்ளோர் இல்லங்களிலும் சில பாடசாலைகளிலும் அமைந்துள்ள நீச்சற்குளத்தைப் பாருங்கள். நான்கு புறமும் செங்குத்தான சுவர். அதிலே வழுவழுப்பான ஓடு. நீர்மட்டமோ விளிம்புக்கு அரைச் சாண் கீழே. இறங்குவது எளிது, ஏறுவது அரிது. வானிற் பறந்து வரும் பறவைக்கு இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். தொல்லைகளுக்கெல்லாம் தோற்றுவாய் இதுவே.

நீர்ப்பறவைகள் நீச்சற்குளத்தை நாடுவதற்குக் காரணம் உண்டு. அங்கே நாய், கீரி ஒளிந்திருக்கப் புதர் இல்லை. வட அமெரிக்காவிலே பச்சைத் தலையுடைய காட்டுத் தாராக்கள் இளவேனிற் காலத்திற் சோடி சோடியாக இறங்கி, அயலிலுள்ள செடிகளின் அடியிலே முட்டையிடுகின்றன. அவ்வாறு முட்டையிட்ட பின்னர் அவற்றைக் கலைக்க முனைதல் வீண்வேலை, குற்றமுமாகும். ஐக்கிய அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வலசைப் பறவைகள் சட்டம், அனுமதியின்றி முட்டையைத் தொடுதலைத் தடைசெய்கின்றது. ஆகையால் முதல் நாள், முதற் சோடி இறங்கும்போதே விரட்டுவதுதான் அறிவுடைமை. பறவைக்கும் அதுவே நன்மை. இரை போடுவோர் மட்டும் அதனைச் செய்யாதிருப்பாராக! ஒரு பிடி சோற்றைக் கண்ட தாரா மறுநாள் தன் சுற்றத்தையும் அழைத்து வரும்.

நம் நாட்டுக் குளங்களில் வாழும் முக்குளிப்பானின் நிலை வேறு. அதன் கால்கள் உடலின் பின்முனையில் அமைந்தவை. தரையிலிருந்து எழும்ப அதனால் இயலாது. நீரின் மேல் நெடுந்தூரம் ஓடியே பறக்கும். சிறிய நீச்சற்குளத்தில் அவ்வோட்டத்துக்கு இடமேது? அங்கே சுற்றிச் சுற்றி நீந்தும் பறவை மனிதரை விரும்பி நிற்கிறதென்று எண்ணிவிடலாகாது. வலையால் மெல்ல எடுத்து, துணியாற் போர்த்தி, அயலிலுள்ள பெரிய நீர்நிலையில் விட்டுவிடுதலே தக்கது.

இரவில் வருவன வேறொரு கூட்டம். குளத்தருகே விளக்கெரிந்தால் பூச்சி வரும். பூச்சியைத் தேடித் தவளை வரும். தவளையைத் தேடிப் பாம்பு வரும். நீரில் மிதப்பனவற்றை வாங்கிக்கொள்ளும் வடிகட்டிப் பெட்டிக்குள் இவையெல்லாம் போய்ச் சேரும். காலையில் அப்பெட்டியைத் திறந்து வெறுங்கையை விடும் பணியாளர் எத்தனை பேர்! நீர்ப்பாம்பு நஞ்சற்றதுதான், ஆனால் உள்ளே கிடப்பது நீர்ப்பாம்போ புடையனோ என்பதைக் கை அறியாது. நீண்ட பிடியுள்ள வலை ஒன்றின் விலை பெரிதன்று. தேவையில்லாத விளக்கை அணைத்துவிடுவதற்கோ செலவேயில்லை.

கபரகொய்யா வந்துவிட்டால் நம்மவர் படும் பதற்றம் சொல்லுந்தரமன்று. கல்லெறிவாரும் உண்டு, வாலைப் பிடித்திழுப்பாரும் உண்டு. ஒதுக்கிடமின்றி மடக்கப்பட்டாலன்றி அது மனிதரைத் தாக்குவதில்லை. மடக்கப்பட்டாலோ வாலடியும் கடியும் கடுமையானவை. பிள்ளைகளை அப்புறப்படுத்தி, ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு நாமும் விலகி நின்றால், வந்த வழியே போய்விடும். போகாவிடின் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

பலகை என்றேன். முழுச் செய்தியும் அதிலேதான் அடங்கியிருக்கின்றது. நீரிலிருந்து விளிம்புவரை சாய்வாக ஒரு வழி இருந்தால் தவளை, அணில், எலி, தாராக்குஞ்சு யாவும் தாமே ஏறிவிடும். அகப்பட்ட சிற்றுயிர் சுவரோரமாகவே சுற்றி வருவதால், சாய்வும் சுவரை ஒட்டியே இருத்தல் வேண்டும். நடுவில் மிதப்பதாற் பயனில்லை. வழுக்காதிருக்கச் சாக்குத் துண்டொன்றைச் சுற்றிவிடலாம். அமெரிக்காவிலே இதற்கென மிதக்கும் சாய்தளங்களைச் செய்து விற்கின்றனர். நமக்கு இது புதுமையன்று. யாழ்ப்பாணத்துப் பழைய கேணிகள் பலவற்றிலே மனிதருக்குப் படிகளையும், மாடுகள் இறங்கி நீர் குடிக்கச் சாய்வான வழியையும் நம் முன்னோர் அமைத்தனர்.

யானைக்கும் இதே வைத்தியந்தான். உலர்வலயத்திற் கட்டில்லாத விவசாயக் கிணறுகளுள் யானைகள் விழும்போது, இயந்திரத்தாற் கிணற்றின் ஒரு பக்கத்தை வெட்டிச் சரிவாக்குகின்றனர். யானை தன் காலாலேயே நடந்து வெளியேறும். 2020ஆம் ஆண்டு தை மாதத்தில், இந்தியாவின் சார்க்கண்டு மாநிலத்துக் கும்லா மாவட்டத்தில், கிணற்றுக்குள் நீரை நிரப்பி யானையை மிதக்கச் செய்தே மேலே கொண்டுவந்தனர்.

இனி நீரின் தூய்மை. செத்த தவளையைக் கண்டவுடன் குளத்து நீர் முழுவதையும் இறைத்து ஊற்றுவோர் உளர்; அது வேண்டியதில்லை. கையுறை அணிந்து அதனை எடுத்து, இரண்டு பைகளில் இட்டுக் கட்டி அகற்றுக. நீரிலே குளோரீன் லீற்றருக்கு 2 மில்லிகிராமும், பீ.எச். பெறுமானம் 7.5 அல்லது அதற்குக் குறைவாகவும், வெப்பம் 25 பாகை செல்சியசுக்குக் குறையாமலும் இருக்குமாறு பார்த்து, அரை மணி நேரம் வைத்திருந்தால் பெரும்பாலான கிருமிகள் மடிந்துவிடும். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமியும் குளோரீனுக்கு நில்லாது. ஆனால் குளோரீன் இடப்படாத தோட்டத்துத் தொட்டியிலும் கைவிடப்பட்ட குளத்திலும் அக்கிருமி பலநாள் வாழும். எலி நடமாடும் அத்தகைய நீரிலே பிள்ளைகளை இறங்க விடலாகாது, காலிற் புண்ணுள்ள பிள்ளையை ஒருபோதும் விடலாகாது.

தாராவின் எச்சத்தை அற்பமாக எண்ணுவோருக்கு ஒன்று கூறவேண்டும். வயிற்றோட்டத்தை விளைக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் சில வேளைகளில் அதிலே இருப்பதுண்டு. சரியான அளவு குளோரீன் இட்ட நீரிலும் அது 7 நாட்களுக்கு மேல் உயிரோடிருக்கும். ஆதலால் நீரின் தெளிவைக் கண்டு ஏமாறாது, எச்சத்தை வலையால் அள்ளி, அவ்வலையையும் குளோரீன் நீரிலே நனைத்து வைத்தல் வேண்டும். குளிப்போரும் நீரை விழுங்காதிருக்கப் பழகுதல் வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு இதனை முதல் நாளே சொல்லிக்கொடுக்கலாம்.