முகங்களால் ஆன முகம்

என் வகுப்புப் பையன் ஒருவன் சில நாட்களுக்கு முன் ஒரு விளையாட்டுச் சாமானை மேஜைமேல் கொண்டுவந்து வைத்து, "ஸார், இது கெட்டுப் போய்விட்டது" என்றான். எடுத்துப் பார்த்தேன். ரூபிக் கனசதுரம். எங்கும் உடையவில்லை, பூட்டு எதுவும் தளரவில்லை. வர்ணங்கள் கலைந்து கிடந்தன, அவ்வளவே. பக்கத்துக்கு ஒரு வர்ணமாகச் சேர்க்கத் தெரியாதபடியால், அவனைப் பொறுத்தவரையில் அது கெட்டுப்போன பொருளாகிவிட்டது.

மறுநாள் அவனுக்கு ஒரு படத்தைக் காட்டினேன். அந்தப் படத்தின் விந்தையைத்தான் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

இந்தச் சாமானைப் படைத்தவரும் ஓர் ஆசிரியர்தான் என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு. ஹங்கேரி தேசத்துத் தலைநகரான புடாபெஸ்டில் கட்டிடச் சிற்பம் பயின்று, கலைக் கல்லூரி ஒன்றில் போதித்து வந்த எர்னோ ரூபிக், 1974-ம் வருஷம் இதை முதன்முதலில் மரத்தால் செய்தார். துண்டுகள் ஒன்றையொன்று விட்டு விலகாமலும் இருக்கவேண்டும், இஷ்டப்படி திரும்பவும் வேண்டும். இதுதான் அவர் விடுவிக்க முயன்ற சிக்கல். சிக்கல் தீர்ந்தது; ஆனால் சில தடவை திருப்பிய பிறகு, பழைய நிலைக்கு அதைக் கொண்டுவர அவருக்கே ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்ததாம்! 1980-ல் அது உலகெங்கும் விற்பனைக்கு வந்தது. அதை எத்தனை விதமாகக் கலைக்கலாம் தெரியுமா? 4,32,000 கோடி கோடி விதங்களுக்கும் மேல். அவற்றுள் ஒரே ஒரு விதத்தைத்தான் நாம் 'வெற்றி' என்கிறோம். மற்றவையெல்லாம் தோல்வியா?

அல்ல என்று காட்டியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். தம் சொந்தப் பெயரை வெளியிடாமல், முகமூடி அணிந்தே பத்திரிகைக்காரர்களைச் சந்திக்கும் அவர், 'இன்வேடர்', அதாவது 'படையெடுப்பவர்', என்ற புனைபெயரால் அறியப்படுகிறார். பாரிஸ் நகரத்துச் சுவர்களில் சிறு ஓடுகளைப் பதித்து மொஸைக் சித்திரங்கள் அமைத்துப் புகழ் பெற்றவர். 2005-ம் வருஷம் ஓடுகளுக்குப் பதிலாக ரூபிக் கனசதுரங்களைக் கையில் எடுத்தார். பிகாஸோ முதலியோர் வளர்த்த 'கியூபிஸம்' என்ற சித்திர மரபைக் கேலியும் மரியாதையுமாக நினைவுறுத்தி, தம் முறைக்கு 'ரூபிக்குபிஸம்' என்று நாமகரணம் செய்தார். அவ்வருஷம் அவர் செய்ததுதான், நான் பையனுக்குக் காட்டிய மோனா லிஸா. சுமார் 330 கனசதுரங்கள். பக்கத்துக்கு ஒன்பது கட்டமாக, ஏறக்குறைய மூவாயிரம் கட்டங்கள்.

செய்முறையைக் கேளுங்கள். மூலப் படத்தை முதலில் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நிழல் என்று கணக்கிட வேண்டும். கையில் இருப்பவையோ ஆறே வர்ணங்கள்: வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை, நீலம். கறுப்பு இல்லை, மனித சருமத்தின் நிறமும் இல்லை! ஆகவே கலைஞன் நிறத்தை மறந்து ஒளியைப் பிடித்துக்கொள்கிறான். வெளிச்சம் மிகுந்த இடத்துக்கு வெள்ளையும் மஞ்சளும். ஆழ்ந்த நிழலுக்கு நீலம். மற்ற மூன்றும் நடுத்தரத்துக்கு. பிறகு கனசதுரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, வேண்டிய ஒன்பது கட்டங்களை முன்பக்கம் கொண்டுவந்து அடுக்க வேண்டும்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. இத்தாலியில் ரவென்னா நகரத்து ஸான் விதாலே ஆலயத்தில், ஆறாம் நூற்றாண்டில், ஜஸ்டினியன் சக்கரவர்த்தியையும் அரசி தியோடராவையும் மொஸைக்காக அமைத்த சிற்பிகள், வேண்டிய நிறக் கண்ணாடித் துண்டை எடுத்தார்கள். வேண்டிய இடத்தில் பதித்தார்கள். ஒரு துண்டு அடுத்த துண்டைத் தொந்தரவு செய்யவில்லை. கனசதுரத்திலோ ஒரு கட்டத்தை நகர்த்தினால் கூடவே வேறு கட்டங்களும் நகர்ந்துவிடுகின்றன. நடுக்கட்டம் தன் இடத்தை விட்டு அசையவே அசையாது. அதன் நிறத்தை முதலில் தேர்ந்துகொண்டு, மற்ற எட்டையும் அதைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். ஆயினும் மனம் தளர வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்கு ஆறு வர்ணங்களில் 1,00,77,696 கோலங்கள் உண்டு. அவற்றுள் எதையும் அமைக்க முடியும் என்பது கணிதம் தரும் உறுதி.

"எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுமே! இதில் கலை எங்கே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கணக்குப் போட யந்திரம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு புன்னகை நாலைந்து கட்டங்களில் அடங்கிவிடும்போது, அவற்றில் ஒன்று ஆரஞ்சா, சிவப்பா என்று தீர்மானிப்பது கண்ணின் வேலை. ஒரு கட்டம் தவறினால் புன்னகை ஏளனமாகிவிடும். 2020-ம் வருஷம் பிப்ரவரியில் பாரிஸில் நடந்த ஏலத்தில் இந்த மோனா லிஸா 4,80,200 யூரோவுக்கு, அன்றைய மதிப்பில் மூன்றரைக் கோடி ரூபாய்க்கும் மேலாக, விலைபோயிற்று. விலையே கலைக்கு அளவுகோல் ஆகாது. ஆனாலும், பரணில் தூக்கிப் போடும் கலைந்த கனசதுரங்களுக்கு இந்த மதிப்பு வந்ததே என்பது யோசிக்கத் தக்க விஷயம்.

பையனிடம் படத்தை முதலில் மிக அருகில் வைத்துக் காட்டினேன். "ஒன்றும் தெரியவில்லை, ஸார்; எல்லாம் கலைந்து கிடக்கிறது" என்றான். பத்தடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அம்மாள் சிரிக்கிறாள், ஸார்!" என்று கூவினான்.

தன் கனசதுரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான். கையை நீட்டி எட்டப் பிடித்து, அதன் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான்.

"ஸார், இந்தப் பக்கம் யாருடைய கண்ணாகவாவது இருக்குமா?"

"இருக்கலாம் அப்பா. கன்னத்துக்கும் மூக்குக்கும் இன்னும் ஒரு முந்நூறு வேண்டும்" என்றேன்.

அதன் பிறகு அது கெட்டுப்போனதாக அவன் சொல்லவில்லை.